தோலையும் காட்டுங்கள்

மாற்றுச் சிறுநீரகத்துடன் மறுபரிசோதனைக்கு வருவோர் தம் கிரியேட்டினின் அளவைத் தடையின்றிச் சொல்கிறார்கள். காலில் ஆறு மாதமாக ஆறாதிருக்கும் புண்ணைப் பற்றிப் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலைப் பார்ப்பது மறுபரிசோதனையின் கட்டாயப் பகுதியாக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள், உருமாறிய செல்களை அழிக்கும் உடலின் காவலையும் தளர்த்துகின்றன. அவற்றுள் அசதியோப்ரின், வெயிலின் புற ஊதாக் கதிர்கள் தோலைத் தாக்குவதை மேலும் எளிதாக்குகிறது. வெள்ளைத் தோலினர் மிகுந்த நாடுகளில், உறுப்பு மாற்றுப் பெற்றோருக்குச் செதிள் செல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல பத்து மடங்கு அதிகம். நம் தோலின் நிறமி நம்மை ஓரளவு காக்கிறது. அந்தக் கணக்கை அப்படியே நம்மீது ஏற்றுவது பொருந்தாது. ஆனால் கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது என்னும் நம்பிக்கை தவறானது, ஆபத்தானதும் கூட. கறுத்த தோலினருக்கு அது பிறப்புறுப்பு, ஆசனவாய் போன்ற வெயில் படாத இடங்களிலும் தோன்றுகிறது. அங்கே மருவை உண்டாக்கும் வைரஸ் இனத்துக்கும் இதில் பங்குண்டு. கூச்சத்தால் மறைக்கப்படும் இடங்களும் இவையே.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து அகற்றிவிடலாம். உறுப்பு மாற்றுப் பெற்றோரிடம் இந்நோய் விரைந்து வளர்ந்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடும் என்பதால், தாமதத்தின் விலை அதிகம்.

இதைப் படித்துவிட்டு அஞ்சி, மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். உறுப்பையே இழக்க நேரும். மருந்தை மாற்றும் வழி மருத்துவரிடம் உண்டு. ஏற்கெனவே இந்நோய் வந்த சிறுநீரக மாற்றாளர்களிடம் 2012இல் வெளியான ஆய்வில், சிரோலிமஸுக்கு மாறியோருள் 22 விழுக்காட்டினருக்கும், பழைய மருந்திலேயே இருந்தோருள் 39 விழுக்காட்டினருக்கும் ஈராண்டில் புதிய கட்டிகள் தோன்றின. பக்கவிளைவுகளால் அம்மருந்து எல்லோருக்கும் ஏற்றதன்று. நிக்கோடினமைடு மாத்திரையோ, 2023இல் வெளியான ஆய்வில் உறுப்பு மாற்றுப் பெற்றோருக்குப் பயன் தரவில்லை. அந்தப் பணத்தில் நல்ல குடை ஒன்று வாங்கலாம்.

முதுகையும் பிடரியையும் நோயாளி தாமே பார்க்க இயலாது. மாதம் ஒருமுறை வீட்டில் உள்ளவர் நல்ல வெளிச்சத்தில் பார்க்கட்டும். ஒரு மாதம் கடந்தும் ஆறாத புண், தடித்து வளரும் மரு, தொட்டால் இரத்தம் கசியும் கட்டி, உதட்டில் சொரசொரப்பு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் வாருங்கள். பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்றால், பதிவு செய்யும்போதே சொல்லுங்கள்.