பேருந்துக்கு உள்ள ஆய்வு பள்ளிக் கட்டடத்துக்கும் வேண்டும்

ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன், கோடை விடுமுறையில், தனியார் பள்ளிகளின் பேருந்துகளும் வேன்களும் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டிக்குள் ஏறிப் பார்க்கிறார். அவசர வழிக் கதவு திறக்கிறதா, தீயணைப்புக் கருவி வேலை செய்கிறதா, கீழ்ப்படி சிறு பிள்ளைக்கு எட்டுகிறதா, காலடிப் பலகை உறுதியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். குறை உள்ள வண்டியைச் சரிசெய்து கொண்டுவரும்படி திருப்பி அனுப்புகிறார். எத்தனை வண்டிகள் தேறின, எத்தனை தேறவில்லை என்ற கணக்கு மறுநாள் நாளிதழ்களில் வந்துவிடுகிறது.

இந்த நடைமுறைக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. 2012 ஜூலை 25 அன்று சென்னை சேலையூரில் உள்ள பள்ளி ஒன்றில் படித்த 2ஆம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தான் வந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து சக்கரத்தில் சிக்கி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. காலடிப் பலகையைச் சோதிக்கும் பழக்கம் அப்படித்தான் வேரூன்றியது.

அந்தப் பேருந்து பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிடும் கட்டடத்தின் நிலை என்ன? வண்டியில் பிள்ளை இருப்பது அதிகம் போனால் ஒரு மணி நேரம். கட்டடத்தில் இருப்பது ஏழெட்டு மணி நேரம். ஆனால் வண்டிக்கு நடப்பதுபோல் எல்லோரும் அறிய, ஒரே நேரத்தில், முடிவை வெளியே சொல்லும் ஆய்வு கட்டடத்துக்கு நடப்பதில்லை. இது மாற வேண்டும். ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள நம் அரக்கோணத்திலிருந்தே மாற்றத்தைத் தொடங்கலாம் என்பது நம் கருத்து.

தனியார் பள்ளி அங்கீகாரம் பெறவும் புதுப்பிக்கவும் நான்கு சான்றுகள் அடிப்படை. பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. நான்கும் நான்கு அலுவலகங்களிலிருந்து, நான்கு வெவ்வேறு நாட்களில், நான்கு காலாவதித் தேதிகளுடன் வருகின்றன. கடைசியில் கோப்பில் ஒன்றாகச் சேர்கின்றன. கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் உண்டு. கோப்பில் எழுதியிருப்பது கட்டடத்தில் இருக்கிறதா என்பதை நால்வரும் சேர்ந்து வந்து பார்ப்பதில்லை.

2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி படித்த குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்திருந்தது. அந்த மூடியைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால் போதும். பொறியியல் அறிவோ புதிய சட்டமோ அதற்குத் தேவையில்லை. கழிப்பறையும் தொட்டியும் எப்படி இருக்கின்றன என்பதுதானே சுகாதாரச் சான்றின் உயிர்?

கும்பகோணத்தை நாம் மறக்க முடியாது. 2004 ஜூலை 16. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், கூரை வேய்ந்த சமையலறை, நெருக்கமான வகுப்பறைகள், குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலை 30 அன்று. பத்துப் பேர் குற்றவாளிகள், பதினொரு பேர் விடுதலை. அந்தத் தீ தொடர்பான பொதுநல வழக்கில், எல்லாப் பள்ளிகளிலும் தீப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் நாடு முழுவதற்கும் கட்டளையிட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை. உரிய அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகும் நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகளுக்கென்றே இயக்ககமும் மாவட்டக் கல்வி அலுவலரும் இருக்கிறார்கள்.

பிறகு ஏன் தடுமாற்றம்? நிறைவேற்ற முடியாத விதியையும் நிறைவேற்றியே தீர வேண்டிய விதியையும் அரசு ஒரே கட்டில் கட்டி வைத்திருப்பதுதான் முதன்மையான காரணம் என்று கருதுகிறோம். 2004இல் வந்த நில அளவு விதியைப் பாருங்கள். கிராம ஊராட்சியில் 3 ஏக்கர், பேரூராட்சியில் 1 ஏக்கர், நகராட்சியில் 10 கிரவுண்டு. அதன்படி பேரூராட்சிகளான நெமிலியிலோ தக்கோலத்திலோ பள்ளி நடத்த ஓர் ஏக்கர் வேண்டும். அரக்கோணம் நகருக்குள் 24,000 சதுர அடி வேண்டும். ரயில் நிலையத்தைச் சுற்றி நெருங்கி வளர்ந்த ஊரில், பல ஆண்டுகளாக நடக்கும் பழைய நர்சரி பள்ளி அந்த நிலத்துக்கு எங்கே போகும்? அதனால் தற்காலிக அங்கீகாரம் தரப்படுகிறது. அது முடிந்ததும் இன்னொரு நீட்டிப்பு. நில அளவு போதாத 746 பள்ளிகளுக்கு 2016 மே 31 வரை இப்படி அனுமதி தரப்பட்டது உயர் நீதிமன்றம் வரை பேசப்பட்ட செய்தி. நிலத்துக்கு விலக்குக் கேட்டு அலுவலகப் படியேறிப் பழகிய நிர்வாகம், நாளை தீயணைப்புச் சான்றுக்கும் விலக்குக் கேட்கத் தயங்காது. கொடுத்துப் பழகிய அலுவலகமும் மறுக்கத் தயங்கும்.

எனவே பழைய பள்ளிகளுக்கு நில அளவில் நியாயமான தளர்வை ஒரே முறையாக, வெளிப்படையாகத் தந்துவிடலாம். கட்டட உறுதி, தீ, தண்ணீர், கழிப்பறை ஆகிய நான்கிலும் எந்தப் பள்ளிக்கும் ஒரு நாள்கூட நீட்டிப்புத் தரக் கூடாது.

தனியார் பள்ளி நிர்வாகிகளின் குறையையும் கேட்க வேண்டும். ஒரு சான்றுக்குப் பல நடை, ஒவ்வொரு மேசையிலும் ஓர் எதிர்பார்ப்பு என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 25 விழுக்காடு இலவச இடங்களில் சேர்த்த பிள்ளைகளுக்கான கட்டணம் அரசிடமிருந்து காலத்தில் வருவதில்லை. மத்திய, மாநில அரசுகளின் நிதிப் பிணக்கால் 2025–26 கல்வியாண்டில் அந்தச் சேர்க்கையே அக்டோபரில்தான் தொடங்கியது. தன் கடமையை நான்கு மாதம் தள்ளிப்போடும் அரசு, பள்ளியின் தாமதத்தைக் கண்டிக்கும்போது குரல் எடுபடாது. இருநூறு பிள்ளைகளை வைத்து, கூலி வேலைக்குப் போகும் பெற்றோரிடம் தவணையில் கட்டணம் வாங்கி நடக்கும் சிறு பள்ளிகளைப் பெரிய மெட்ரிக் பள்ளிகளோடு ஒரே தராசில் வைப்பதும் சரியல்ல. கூட்டு ஆய்வு அவர்களுக்கும் நல்லது. நான்கு துறையினரும் ஒரே நாளில் பள்ளிக்கு வந்து பார்த்து, அங்கேயே கையெழுத்திட்டால் மேசை மேசையாக நிற்க வேண்டியதில்லை.

இந்த ஆய்வு தனியார் பள்ளிகளோடு நின்றுவிடவும் கூடாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தது அரசு உதவிபெறும் பள்ளியில். அரசுப் பள்ளியின் சுவரைத் தட்டிப் பார்க்காத அரசுக்குத் தனியார் பள்ளியின் சுவரைத் தட்டிப் பார்க்கும் தகுதி குறைந்துவிடும்.

காகித அனுமதியை நம்பி இருந்தால் என்ன நேரும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைகளுக்கு விதிகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் 1996இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருந்தும் பாலாறு என்ன ஆனது என்று நாம் அறிவோம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ஆய்வும் நடவடிக்கையும் இறப்புக்குப் பிறகு விரைந்து வந்தன.

மாவட்ட ஆட்சியருக்கு நம் கோரிக்கை இது. வரும் மே மாதம், வாகன ஆய்வு நடக்கும் அதே வாரங்களில், அரக்கோணம் கோட்டத்தின் எல்லாப் பள்ளிகளிலும் கல்வி, வருவாய், தீயணைப்பு, சுகாதாரம், பொதுப்பணித் துறையினர் சேர்ந்து ஆய்வு நடத்த வேண்டும். எந்தப் பள்ளி தேறியது, எதில் என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற பட்டியலில் கையெழுத்திட்ட அலுவலர்களின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். பள்ளி வாசலில் தேர்ச்சி விழுக்காட்டுப் பதாகை தொங்கும் இடத்திலேயே அங்கீகார எண், நான்கு சான்றுகளின் காலாவதித் தேதி, கட்டணக் குழு நிர்ணயித்த கட்டணம் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். மூட வேண்டிய பள்ளி என்று தெரிந்தால் அதைச் சேர்க்கைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவாண்டில் பூட்டுப் போட்டு, மாற்றுச் சான்றிதழுக்காகப் பெற்றோரை அலையவிடுவது பிள்ளைகளுக்குத் தரும் தண்டனை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது படைப்பிரிவு அரக்கோணத்திலேயே இருக்கிறது. வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் எங்கெங்கோ போகும் அந்த வீரர்களைக் கொண்டு நம் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை தீ ஒத்திகை நடத்த முடியாதா?

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் இயற்ற வேண்டியதில்லை. ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும். அது வரும்வரை பெற்றோர்கள் ஒன்று செய்யலாம். சேர்க்கைக்குப் போகும்போது கட்டணத்தையும் வேன் தடத்தையும் கேட்பதோடு நான்கு சான்றுகளையும் காட்டச் சொல்லுங்கள். கழிப்பறைப் பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள். காட்ட மறுக்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.