இலை பார்க்க ஒரு நாள்

இலையுதிர் காலம் வந்துவிட்டால் புகலிடக் கவிஞர்களுக்குக் கொண்டாட்டம்தான். மரம் தாயகம், இலை அகதி, காற்று யுத்தம். நாற்பது வருடமாக இதே இலைதான் உதிர்ந்துகொண்டிருக்கிறது. இன்னொரு பக்கத்தில் சில அறிவுஜீவிகள். ஒக்ரோபரில் ரொறன்ரோவிலிருந்து இரண்டு மூன்று வான்களில் குடும்பம் குடும்பமாகக் கலிடன் குன்றுகளுக்குப் புறப்படும் எங்கள் சனத்தைப் பார்த்து, ‘ஊர் கிடக்கிற கிடையில் இவையளுக்கு இலை பார்க்கிறதுதான் குறைச்சல்’ என்று முகம் சுளிக்கிறார்கள். இந்த இரு தரப்பாருக்கும், உணவகக் குசினிகளில் வேலை செய்யும் நாங்கள் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் கவிஞர்களுக்கு. இலையைக் கழற்றுவது காற்று அல்ல. பகல் குறுகிக் குளிர் ஏறும்போது மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்துகிறது. பச்சை மறைய, கோடை முழுவதும் அதற்குள் ஒளிந்திருந்த மஞ்சள் தெரிகிறது. மேப்பிளின் சிவப்போ அந்தக் கடைசி நாட்களில் புதிதாக உண்டாவது. பிறகு காம்பின் அடியில் மெல்லிய படையொன்றை வளர்த்து மரமே இலையைத் துண்டித்துவிடுகிறது, பனிக்காலத்தில் தான் பிழைத்திருப்பதற்காக. தாவரவியலைப் பாதியில் விட்டு வந்தவர்கள் குசினிகளிலும் இருக்கிறார்கள். எங்களை எந்த மரமும் தன் நன்மைக்காக உதிர்க்கவில்லை. நாங்கள் துரத்தப்பட்டவர்கள்; துரத்தியவர்களுக்குப் பெயர் இருக்கிறது. யுத்தத்தைப் பருவகாலம் ஆக்கிவிட்டால் ஒருவரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. மிகவும் வசதியான கவிதை!

அடுத்து, முகம் சுளிப்பவர்களுக்கு. இரவு வேலையால் தகப்பன் வர, பகல் வேலைக்குத் தாய் புறப்படும் வீடுகள் எத்தனை? அந்த வீட்டார் நாலுபேரும் ஒரே வாகனத்தில் நாலு மணித்தியாலம் ஒன்றாக இருப்பது குற்றமா? போகட்டும். கிறெடிட் ஆற்றின் கிளைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது பிள்ளைகள் கத்தட்டும். செல்ட்டனத்தில் சிவந்து கிடக்கும் நிலத்தைப் பார்த்து ‘எங்கட ஊர்ச் செம்மண்’ என்று அம்மம்மா சொல்லட்டும். அது செம்மண் அல்ல. மரத்தை வெட்டி, மாடு மேய்த்து, மேல்மண்ணைக் கழுவுண்டு போகவிட்டதால் வெளியே வந்த களிப்பாறை. பார்க்க வந்தவர்களின் காலடியில் அதுவும் தேய, 2015இல் மூடினார்கள். பலகை நடைபாதை போட்டு 2018இல் திறந்தார்கள். நிலம் எப்படி அழியும் என்று பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் இருக்கிறதா?

ஆகவே இலை பார்க்கப் போவது எங்களுக்குப் பிரச்சினையல்ல. யார் போகிறார்கள், யார் போக முடியாது என்பதுதான் பிரச்சினை. இலைக்கு விலை இல்லை. நாளுக்குத்தான் விலை.

நன்றி நவிலல் நாளை ஒக்ரோபரின் இரண்டாவது திங்கட்கிழமை என்று கனடியப் பாராளுமன்றம் 1957இல் நிலைப்படுத்தியது. கலிடனில் நிறம் உச்சத்தில் இருப்பதும் அந்த நாட்களை ஒட்டித்தான். ஒன்ராறியோவில் அது சட்டப்படி விடுமுறை. ஆனால் வழமையான வேலைநாளில் அது வந்தால், உணவகத் தொழிலாளியை வேலைக்கு வரச்சொல்ல முதலாளிக்கு அதே சட்டம் இடம் கொடுக்கிறது. பதிலுக்குச் சம்பளத்துடன் வேறொரு நாள் லீவு, இல்லாவிட்டால் விடுமுறைச் சம்பளமும் ஒன்றரை மடங்கு கூலியும். கையில் காசு தரும் குசினிகளில் இந்த இரண்டையும் நாங்கள் கண்டதில்லை. லீவு கேட்டால், ‘தம்பி, சனம் வாற நாள், விளங்காதே?’ என்பார்கள். பதில் நாள் மாசியில் கிடைத்தாலும் என்ன? அப்போது நிற்பது மொட்டை மரம்.

அந்த வான்களில் போகும் ரோல்ஸையும் கட்லட்டையும் புரியாணியையும் விடிய நாலு மணிக்கு எழும்பிச் செய்தது யார்? எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இலை ஒட்டிக் கொண்டுவரச் சொன்னால், பேருந்துத் தரிப்பிடத்தடியில் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள்.

எங்களுக்கும் கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்ராறியோவின் தோட்டங்களுக்கு 1966 முதல் ஜமேய்க்காவிலிருந்தும், 1974 முதல் மெக்சிக்கோவிலிருந்தும் பருவகாலத் தொழிலாளர்களைக் கூப்பிடுகிறார்கள். வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் நிற்க முடியாது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிவரவும் வழியில்லை. நம்மவர்கள் குடும்பத்துடன் போய் அப்பிள் பிடுங்கிப் படம் எடுக்கும் நாட்டில், குடும்பத்தைவிட்டு வந்து அப்பிள் பிடுங்குகிறவனும் இருக்கிறான். காட்சி பார்க்கப் போன கண்ணுக்கு அவன் தெரிவதில்லை; குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கும் நாங்களும் தெரிவதில்லை.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி அல்ல. தமிழ் உணவக முதலாளிமாரே, ஒக்ரோபரில் ஆளுக்கொரு நாளாவது முறைவைத்து லீவு கொடுங்கள். சட்டம் சொன்ன கூலியையும் கொடுங்கள். சுற்றுலா ஒழுங்குசெய்யும் ஊர்ச்சங்கங்களே, கார் இல்லாத வீட்டுக்கு வானில் நாலு இருக்கை ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்குச் சொல்லிவைப்பவர்களே, ‘உங்கட குசினியில் ஆருக்கு எப்ப லீவு?’ என்று முதலாளியிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அனுதாபம் வேண்டாம், கவிதையும் வேண்டாம். இலை கொட்டி முடிவதற்குள் ஒரு நாள், சம்பளத்துடன்.