மருந்து வாடை அடிக்கிறதா? சந்தோஷப்படுங்கள்!

தெருக் குழாயில் தண்ணீர் வருகிறது. குடம் நிறைகிறது. மூக்கில் "சுரீர்" என்று ஒரு வாடை ஏறுகிறது.

"அட, இன்றைக்கும் மருந்து போட்டுவிட்டார்களா?" என்று முகம் சுளிக்கிறார்கள். சிலர் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுகிறார்கள். "இது குடிக்க ஆகாது, மாட்டுக்கு வை" என்று சொல்வோரும் உண்டு.

கொட்டுவது தண்ணீரை அல்ல. பிள்ளைகளின் உயிருக்குப் போட்ட வேலியை!

அந்த வாடைக்குப் பெயர் குளோரின். வாந்திபேதி, டைபாய்டு, சீதபேதி ஆகிய வியாதிகளைக் கொண்டுவரும் கிருமிகளைக் கொல்லும் மருந்து அது. லேசான வாடை அடித்தால் மருந்து தண்ணீரில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வாடையே இல்லாத நாளில்தான் கேள்வி கேட்க வேண்டும்.

உப்பின் பிள்ளை

குளோரின் எங்கிருந்து வருகிறது? உப்பிலிருந்து!

ஆம், சோற்றில் போடும் அதே உப்புதான். உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினால் குளோரின் பிரிந்து வரும். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் உள்ள ஆலை இப்படித்தான் குளோரின் எடுக்கிறது. அந்தக் குளோரினைச் சுண்ணாம்போடு சேர்த்தால் பிளீச்சிங் பவுடர் கிடைக்கும். ஊராட்சி அலுவலகத்தில் மூட்டையாக இருக்கும் வெள்ளைத் தூள் அதுதான்.

பெரிய நகரங்களில் பணக்காரர் வீடுகள் சிலவற்றில் நீச்சல் குளம் உண்டு. அதில் ஒரு வகை, உப்புநீர்க் குளம். லிட்டருக்குச் சுமார் 3 கிராம் வீதம் உப்புப் போடுவார்கள். கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே குளத்துத் தண்ணீர் லேசாகத்தான் கரிக்கும். ஒரு சின்ன இயந்திரம் அந்த உப்பிலிருந்தே குளோரின் தயாரித்துக்கொள்ளும். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் அதில் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

வீட்டுக்காரர் அதை எப்படிக் காப்பாற்றுகிறார் தெரியுமா? வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுக்கிறார். சொட்டு மருந்து விடுகிறார். நிறம் பார்க்கிறார். குறைந்தால் கூட்டுகிறார். கூடினால் குறைக்கிறார். வெயில் குளோரினைத் தின்றுவிடும், மழை பெய்தால் அளவு மாறும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஒரு குடும்பம் குளிக்கிற தண்ணீருக்கு இவ்வளவு கவனம். ஓர் ஊரே குடிக்கிற தண்ணீருக்கு?

கள்ளக்குறிச்சியின் கதை

2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. அதன் மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலையைச் சுற்றிச் சிறு சிறு ஊர்கள். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். கோமுகி ஆறு அந்த மலையில்தான் பிறக்கிறது. கச்சிராயபாளையம் பக்கத்தில் அதற்கு அணை உண்டு.

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்த மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது.

சாராயத்தில் விஷம் என்றால் ஊரே அலறுகிறது. அலற வேண்டியதுதான். ஆனால் கெட்ட தண்ணீர் சத்தம் போடாமல் கொல்லும். ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்குப் பேதி. அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் பாட்டிக்கு வாந்தி. "பிள்ளைக்குச் சூடு", "பாட்டிக்கு வயசாகிவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். தண்ணீரை யாரும் சந்தேகிப்பது இல்லை.

மலையில் ஊற்றும் ஓடையும் உண்டு. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். "மலைத் தண்ணீருக்கு மருந்து எதற்கு?" என்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு வேறு, தெரியாத கிருமி வேறு. மேலே மாடு மேய்கிறது. மனிதர்கள் வெளிக்குப் போகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அதையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து ஊற்றில் சேர்க்கிறது.

சமவெளியிலும் ஆபத்து உண்டு. எந்நேரமும் குழாயில் தண்ணீர் ஓடுவது இல்லை. தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய் வெறுமையாகிறது. உடைப்பு இருந்தால் வெளியே தேங்கும் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். மறுநாள் முதல் குடத்தில் அது வந்து விழும். அப்போது காவல் நிற்பது தண்ணீரில் மிச்சம் இருக்கும் குளோரின் ஒன்றுதான்.

வெள்ளைக்காரனும் பயந்தான்!

மருந்து வாடைக்குப் பயந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள் மட்டும் அல்ல.

1883-ன் கடைசியில் ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்தார். காலராக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஜனங்கள் புழங்கிய குளத்துத் தண்ணீரிலும் அது இருந்தது. 1897-ல் இங்கிலாந்தில் மெய்ட்ஸ்டன் என்ற ஊரில் டைபாய்டு பரவியபோது, தண்ணீர்க் குழாய்களில் பிளீச்சிங் பவுடர் கரைசலை விட்டுக் கழுவினார்கள்.

1908-ல் அமெரிக்காவில் ஜெர்சி நகரத்துக் குடிநீரில் தினமும் குளோரின் சேர்க்க ஏற்பாடு செய்தார், டாக்டர் ஜான் லீல். "குடிக்கிற தண்ணீரில் மருந்தா?" என்று எதிர்ப்புக் கிளம்பியது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அவர் செய்தது சரி என்று ஏற்கப்பட்டது. மற்ற நகரங்களும் பின்பற்றின. டைபாய்டு சாவுகள் மளமளவென்று குறைந்தன.

அதே குளோரினை 1915-ல் முதல் உலகப் போரில் விஷ வாயுவாக விட்டுப் போர்வீரர்களைக் கொன்றதும் உண்டு. எல்லாம் அளவில் இருக்கிறது!

எவ்வளவு போடுவது?

நல்ல பிளீச்சிங் பவுடரில் 100-க்கு 33 பங்கு குளோரின் இருக்கும். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் தூள் போதும். 10 ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 40 கிராம். 30 ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம்.

தூளை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைக்க வேண்டும். பிறகு வாளி முக்கால் பங்கு நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். 10 நிமிஷத்தில் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

ஊற்றியதும் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. அரை மணி நேரமாவது விட வேண்டும். ஒரு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. கிருமியைக் கொல்ல மருந்துக்கு நேரம் வேண்டாமா?

கிணற்றுக்கும் கணக்கு உண்டு. கிணற்றின் அகலத்தை அதே அகலத்தால் பெருக்குங்கள். அதைத் தண்ணீரின் ஆழத்தால் பெருக்குங்கள். எல்லாம் மீட்டர் கணக்கில். வருவதை 785-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28 ஆயிரம் லிட்டர். அதற்கு 113 கிராம் தூள்.

தண்ணீர் கலங்கி இருந்தால் முதலில் தெளிய வைக்க வேண்டும். சேறும் சருகும் மருந்தைத் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இராது. பானையில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தண்ணீரைத் தெளிய வைத்தார்கள் நம் முன்னோர். தெளிய வைக்க அது நல்ல வழி. ஆனால் தெளிந்த பிறகும் மருந்து வேண்டும்.

தூளுக்கும் வயது உண்டு

இங்கேதான் பல ஊர்களில் காரியம் கெடுகிறது.

பிளீச்சிங் பவுடர் உப்பு மாதிரி கெடாத சரக்கு அல்ல. காற்றும் வெயிலும் ஈரமும் பட்டால் அதன் வீரியம் போய்விடும். வாய் திறந்த மூட்டை மூலையில் பல மாதம் கிடந்தால், அதில் சுண்ணாம்புதான் மிஞ்சும். ஆபரேட்டர் சரியாக 120 கிராம் நிறுத்துப் போடுவார். பதிவேட்டில் எழுதுவார். ஆனால் தண்ணீரில் மருந்து இராது!

ஆகவே, போட்டோமா என்று பார்த்தால் போதாது. மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்குச் சின்னப் பெட்டி இருக்கிறது. குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். சில பெட்டிகளில் இளஞ்சிவப்பு வரும். நிறத்தைப் பெட்டியில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். தொட்டியில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் இருக்க வேண்டும். கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் 0.2 மில்லிகிராம் குறையக் கூடாது. 5,000 லிட்டரில் ஒரே ஒரு கிராம்! அந்தத் துளிதான் காவல்காரன்.

யார் மேல் குற்றம்?

"அண்ணே, நாளைக்கு மருந்து போடாதீங்க. பிள்ளைங்க தண்ணி குடிக்க மாட்டேங்குது!" என்று தாய்மார்கள் சொல்கிறார்கள்.

"சரிம்மா, கொஞ்சமாப் போடறேன்" என்கிறார் தொட்டி ஆபரேட்டர். அவரும் அந்தத் தெருக்காரர்தானே! நாலு பேர் திட்டினால் அவருக்கு மனசு கேட்குமா? கொஞ்சம் என்பது நாளடைவில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

அந்த மனிதர் ஏணி ஏறித் தொட்டி கழுவுகிறார். தூளை மூச்சில் வாங்குகிறார். அவருக்கு நல்ல சம்பளம் வேண்டும். கையுறையும் முகக்கவசமும் தராசும் பரிசோதனைப் பெட்டியும் வேண்டும். இவை எதுவும் தராமல் அவரைக் குறை சொல்வது நியாயம் அல்ல.

"குளோரின் உடம்புக்குக் கெடுதல் இல்லையா?" என்ற கேள்வி நியாயமானதே. லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை பாதகம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் குடத்தில் இருக்க வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்குக்குள்தான். குளோரின் தண்ணீரில் உள்ள மற்றப் பொருள்களோடு சேர்ந்து சில வேண்டாத பொருள்கள் உண்டாவது உண்மை. ஆனால் மருந்து போடாத தண்ணீரால் வரும் ஆபத்தோடு பார்த்தால் அது மிகச் சிறிது.

குளோரின் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. உப்பையோ புளோரைடையோ அது நீக்காது. கெட்டியான ஓடு கொண்ட சில கிருமிகளும் அதற்குச் சாகாது. மழைக்காலத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கொடுப்பது குழந்தைகளுக்கு நல்லது.

ஒரு கரும்பலகை போதும்

ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஒரு கரும்பலகை மாட்ட வேண்டும். அதில் தினமும் நாலு வரி: தேதி, எத்தனை லிட்டர், எத்தனை கிராம் தூள், கடைசிக் குழாயில் எவ்வளவு மிச்சம்.

படிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதைப் படித்து அம்மாவுக்குச் சொல்லும். முதியோர் பள்ளியில் எழுத்துக் கற்ற பாட்டியும் படிப்பாள். எழுத்து கற்றதற்கு இதைவிட நல்ல பயன் உண்டா?

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனை சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. கல்வராயன் மலையின் கடைசி ஊர் வரை அந்தப் பெண்களின் கையில் பெட்டி இருக்க வேண்டும். பெட்டியில் மருந்து தீர்ந்தால் உடனே வர வேண்டும். கிராம சபையில் கேட்க வேண்டிய கேள்வி இது.

வீட்டிலும் வேலை உண்டு. குடத்தை மூடி வையுங்கள். சொம்பையும் கையையும் உள்ளே விடாதீர்கள். நீண்ட பிடி போட்ட கரண்டியால் மொள்ளுங்கள். வாடை பிடிக்காவிட்டால் தண்ணீரை இரவே பிடித்து மூடி வையுங்கள், காலையில் குறைந்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். விஷ வாயு கிளம்பும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளவுக்குக் குறைந்தால் மருந்தும் வெறும் தண்ணீர்தான்!

நாளைக் காலையில் குழாயடியில் வாடை அடித்தால் திட்டாதீர்கள். அடிக்காவிட்டால், "அண்ணே, இன்றைக்கு மருந்து போட்டீங்களா?" என்று கேளுங்கள்.