ஸைக்கிளுக்கு ஒரு சித்திரகுப்தன்

நம் காரியங்களையெல்லாம் சித்திரகுப்தன் ஏட்டில் எழுதி வருகிறான் என்பார்கள். இப்பொழுது அந்த உத்தியோகம் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. ஸைக்கிளில் ஏறினால் போதும். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு, போன வழி, தூரம், வேகம் யாவற்றையும் அதிலுள்ள செயலி தானே குறித்துவிடும். தேகப்பயிற்சியில் சிரத்தையுள்ளவர்களுக்கு மிக்க சௌகரியந்தான். ஆனால் ஏடு யார் வசம் இருக்கிறது?

அமெரிக்காவில், ப்ளோரிடா மாகாணத்துக் கெய்ன்ஸ்வில் நகரில், 2019 மார்ச்சில் ஒரு மூதாட்டியின் வீட்டில் களவு நடந்தது. அச்சமயம் அவ்வீட்டருகே இருந்த கைப்பேசிகளின் விவரத்தைப் போலீஸார் நீதிமன்ற உத்தரவு பெற்றுக் கூகிள் கம்பெனியிடம் கேட்டனர். ஒரு வாலிபர் அகப்பட்டுக்கொண்டார். அவர் செய்ததெல்லாம், செயலியை ஓடவிட்டுத் தம் பேட்டையில் ஸைக்கிளில் சுற்றியதே! ஒரு மணி நேரத்தில் மூன்று தரம் அவ்வீட்டைக் கடந்திருந்தார். 2020 ஜனவரியில் கூகிளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: ஏழு நாளில் நீதிமன்றத்தில் தடை கோராவிட்டால் அவருடைய விவரங்கள் போலீஸாரிடம் போய்விடும். பெற்றோரின் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து வக்கீலை அமர்த்தினார். அதன்பின் போலீஸார் அவ்வுத்தரவைக் கைவிட்டனர். தம் தெருவில் ஸைக்கிள் விட்டதற்கு வக்கீல் கட்டணம்! வேடிக்கை என்று சொல்ல மனம் வரவில்லை.

நடமாட்டக் குறிப்புகளை இனி அவரவர் கைப்பேசியிலேயே வைப்பதாகக் கூகிள் 2023 டிசம்பரில் அறிவித்தது. மற்றச் செயலிகள் தத்தம் ஏட்டைத் தனியே வைத்திருக்கின்றன. எந்தெந்தச் செயலி நம் இருப்பிடத்தை எப்பொழுதும் பார்க்கிறது என்பது கைப்பேசியின் அமைப்புகளில், 'இருப்பிடம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.