ஒழுக்கத்தோடு ஒரு சூதாட்டமா?



சூதாட்டம் பாவம் என்று இந்த வாரம் நான் எழுதப்போவதில்லை. அதைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். கேட்டு ஆமென் சொன்னவர்களுள் சிலர், ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதே மாலை ஆட்டத்தின் டாஸைப் பற்றிப் பேசிக்கொண்டு போவதையும் நான் அறிவேன். இன்று நான் எதிர்க்க வந்திருப்பது அதைவிட நயமான ஒரு போதனையை. "ஐயா, நாங்கள் சூதாடவில்லை; திட்டமிட்டு, அளவறிந்து, கட்டுப்பாட்டோடு பந்தயம் கட்டுகிறோம்" என்பதே அந்தப் போதனை. பண்டசோழநல்லூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வேலைக்குப் போகும் நம் வாலிபர் சிலர் இதற்கென நோட்டுப் புத்தகமே வைத்திருக்கிறார்கள். தேதி, அணி, தொகை, இலாபம், நட்டம் என்று கோடு போட்டு எழுதுகிறார்கள். காணிக்கைக் கணக்கைக்கூட நம்மில் பலர் அவ்வளவு சுத்தமாக எழுதுவதில்லை.

இந்தப் போதனை நம் ஊரில் விளைந்ததன்று. அமெரிக்காவில் 1992 முதல் விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்துவைத்திருந்த கூட்டாட்சிச் சட்டத்தை, 2018 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. அதன்பின் அமெரிக்கக் கால்பந்தைச் சுற்றிப் பெரிய வணிகம் எழுந்தது. அதனோடு ஓர் ஆலோசனை இலக்கியமும் எழுந்தது. கைம்முதலில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஆட்டத்தில் வைக்காதே, தோற்றதைத் துரத்தாதே, பிடித்த அணிக்காகக் கட்டாதே. இவையே அதன் கற்பனைகள். அவை யூடியூப் வழியாகவும் டெலிகிராம் குழுக்கள் வழியாகவும் இறங்கிவந்து, இங்கே ஐபிஎல் ஆட்டத்துக்குப் பொருத்தப்படுகின்றன.

அந்த ஆலோசனை பொய் என்று சொல்லமாட்டேன். கோபத்தில் பணத்தை அள்ளி வைப்பவனைவிட அளவோடு வைப்பவன் மெதுவாகத் தோற்பான் என்பது உண்மைதான். ஆனால் கணக்கை அவர்கள் முறைப்படியே போட்டுப் பார்ப்போம். அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்தில் வழக்கமான விலை என்னவென்றால், 100 வெல்ல 110 வைக்கவேண்டும். அதே விலையில் ஒருவன் ஐபிஎல் பருவம் ஒன்றின் 74 ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கு 110 ரூபாய் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியை ஜெயித்தால் 37 ஆட்டங்களில் வருவது 3,700 ரூபாய். மீதி 37 ஆட்டங்களில் போவது 4,070 ரூபாய். ஒரு தவறும் செய்யாமல், ஒருமுறைகூடக் கோபப்படாமல், நோட்டில் எல்லாவற்றையும் எழுதி 370 ரூபாய் இழந்திருப்பான். இழக்காமல் தப்பவே நூற்றுக்கு ஐம்பத்திரண்டுக்கும் மேலாகச் சரியாகச் சொல்லவேண்டும். அதையும் ஆண்டு முழுதும் சொல்லவேண்டும்.

370 ரூபாய்தானே என்பீர்கள். 110 ரூபாயோடு நின்றவர் யாரையாவது எனக்குக் காட்டுங்கள்.

பந்தயத்தில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு 1956-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி ஒரு சூத்திரம் வகுத்தார். அளவாய் ஆடுகிறவர்கள் இன்றும் அதைப் போற்றுகிறார்கள். விலையைவிட உன் அறிவு மேலானதாக இல்லாவிட்டால் நீ வைக்கவேண்டிய தொகை என்னவென்று அதனிடம் கேட்டால், பூஜ்யம் என்றே அது விடை தரும். அவர்களுடைய சொந்தத் தீர்க்கதரிசியே சொல்வதை அவர்கள் கேட்பதில்லை.

சரி, மெய்யாகவே திறமையுள்ள ஒருவன் இருக்கிறான் என்றே கொள்வோம். நூற்றுக்கு ஐம்பத்தைந்து ஜெயிக்கிறான். அவனுக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? இங்கேதான், பிரியமானவர்களே, நம்முடைய பிரசங்கங்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. "தோற்றுப்போவாய்" என்ற பயமுறுத்தல் தோற்பவனிடம் மட்டுமே செல்லும்; ஜெயிப்பவனிடம் அது வாயடைத்துப்போகும். ஆனால் வேதம் அவனிடமும் பேசுகிறது. அவன் ஜெயித்த பணம் எங்கிருந்து வந்தது? வயலில் விளைந்ததா? பட்டறையில் செய்ததா? பந்தயத்தில் ஒரு படி நெல்லும் புதிதாகப் பிறப்பதில்லை. பத்துப் பேர் வைத்ததில் நடத்துகிறவன் தன் பங்கை எடுத்துக்கொண்டபின், மிஞ்சியதே கைமாறுகிறது. கட்டுப்பாடு உள்ளவன் ஜெயிக்கிறான் என்றால், கட்டுப்பாடு இல்லாதவனிடமிருந்துதான் ஜெயிக்கிறான். மனைவியின் தோட்டை வில்லியனூரில் அடகு வைத்துவிட்டு வந்தவனே அவனுக்குக் கூலி கொடுக்கிறான். கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனியாகச் சொல்லப்பட்ட இச்சையடக்கத்தை, பலவீனமான சகோதரனின் பையை அவிழ்க்கும் கருவியாக்குவதைவிட அதற்கு நேரும் அவமானம் வேறென்ன?

திறமை என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம், வயல் வரப்பிலேயே மாநில எல்லை மாறும் நம் பகுதிக்குப் பொருந்தவில்லை. அங்கேயும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றைத் தடையிலிருந்து நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்கிறது. இந்திய அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த நிறுவனமும் பண ஆட்டத்தை நிறுத்தியது. சட்டம் அப்படியும் இப்படியும் திரும்பும்; செயலி மூடினால் வாட்ஸ்அப் எண் திறக்கும். திருடனுக்கும் திறமை உண்டென்பதால் திருட்டு தொழிலாகிவிடாது என்பது நம் பாட்டிமாருக்கு நீதிமன்றம் சொல்லாமலே தெரிந்திருந்தது. வள்ளுவரும் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி, அதன் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டார். தோல்வியை அல்ல, வெற்றியை என்பதைக் கவனியுங்கள்.

"விவசாயமும் சூதுதானே ஐயா, மழையை நம்பித்தானே விதைக்கிறோம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்ல கேள்வி. மழை பொய்த்துக் கரும்பு கருகினால் விவசாயி இழக்கிறான். ஆனால் அவன் இழப்பில் பக்கத்து வயல்காரன் இலாபம் பார்ப்பதில்லை. விளைந்தாலோ வெட்டுகிறவருக்குக் கூலி, வண்டிக்காரருக்கு வாடகை, பிறர் வீட்டில் சர்க்கரை. அவன் ஜெயிக்க ஒருவரும் தோற்கவேண்டியதில்லை. இரண்டிலும் ஆபத்து இருப்பதால் இரண்டும் ஒன்றென்பது, இரண்டிலும் கத்தி இருப்பதால் மருத்துவரும் கொலைகாரனும் ஒருவரே என்பது போன்றது.

இன்னொருவர் வேதத்தையே எடுத்துவந்தார். அப்போஸ்தலர் சீட்டுப்போட்டு மத்தியாவைத் தெரிந்துகொள்ளவில்லையா? ஆம், அப்போஸ்தலர் 1-ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. ஆனால் அங்கே யாரும் காசு வைக்கவில்லை. யார் பையும் காலியாகவில்லை. ஆதாயத்துக்காகச் சீட்டுப்போட்ட இடம் சுவிசேஷங்களில் ஒன்றுதான். அது கல்வாரி, அங்கே பங்குபோடப்பட்டது நம் ஆண்டவரின் தையலில்லாத அங்கி. அந்தப் போர்ச்சேவகரும் ஒழுங்காகவே நடந்துகொண்டார்கள் என்று யோவான் எழுதுகிறார். அங்கியைக் கிழிக்கவில்லை, சண்டையிடவில்லை, முறைப்படி போட்டார்கள். தலைக்கு மேலே ஒருவர் மரித்துக்கொண்டிருந்தார்.

திட்டமிடுவது தேவனுக்குப் பிரியமானதே. லூக்கா 14-இல் கோபுரம் கட்டுகிறவனை முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் நம் கர்த்தர்தான். ஆகவே நோட்டுப் புத்தகத்தை எறிந்துவிடும்படி உங்களிடம் கேட்கமாட்டேன். அதை வீட்டுக்குள் எடுத்துச் செல்லுங்கள். கடந்த மார்ச் முதல் மே வரை எழுதிய பக்கங்களை மனைவியிடமோ தாயிடமோ வாசித்துக் காட்டுங்கள். ஜூனில் கட்டிய பள்ளிக் கட்டணத்தை, குழுவில் வாங்கிய கடனை, அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டோடு ஆடுகிறேன் என்பவர் அந்தத் தாளை மறைக்கவேண்டிய காரணமென்ன?

நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாதவர்கள் வெட்கத்தால் ஒளியவேண்டாம். வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் நான் ஆலயத்திலேயே இருப்பேன். பேசியது வெளியே போகாது. இரவில் மனம் தாங்காமல் தவித்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள், கட்டணமில்லை. கடன் செயலியில் மாட்டியிருப்பவர்கள் அந்தச் செய்திகளை அழிக்காமல் கைப்பேசியோடு வாருங்கள்.