தேவாலைப் பொன்னும் தஞ்சை நெல்லும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் பொன் இன்னும் நிறுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கடைசித் துணுக்கு வரை பதிந்து வைத்திருக்கிறார்கள். 1010ஆம் ஆண்டில் விமானத்தின் உச்சிக்கு ராஜராஜன் அளித்த செப்புக்குடத்தின் மேல் போர்த்திய பொன்தகடு 2926½ கழஞ்சு. இத்தனை நுணுக்கமாகக் கணக்கு வைத்தவர்கள் அந்தப் பொன் எந்த மலையில் விளைந்தது என்று எழுதவில்லை. சேரனையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரம் என்பதோடு பல இடங்களில் கணக்கு முடிந்துவிடுகிறது.

நம் ஆற்றின் பெயர் பொன்னி. ஆனால் நம் வயல்களில் பொன் கிடையாது. கருங்கல்லே கிடையாது, பெரிய கோயிலின் கல் வெளியூரிலிருந்து வந்தது. பொன்னையும் கல்லையும் வெளியிலிருந்து பெற்ற ஊர்க்காரனுக்கு அவை பிறக்கும் இடத்தை ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். கூடலூர்ப் பக்கம் போக வாய்த்தபோது தேவாலையில் இறங்கிக்கொண்டேன்.

தேவாலை, பந்தலூர், சேரம்பாடி. இன்று தேயிலையும் ஓயாத மழையுமாக இருக்கும் இந்த ஊர்கள் ஒரு காலத்தில் லண்டன் பங்குச்சந்தையில் மந்திரச்சொற்களாக இருந்தன என்றால் நம்புவது கடினம். புதர் மூடிய குகைவாய் ஒன்றைக் காட்டிய பெரியவர், "வெள்ளைக்காரன் தோண்டினது, உள்ளே போகாதீங்க" என்றார். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது.

இங்குள்ள பாறை மிகப் பழைய நைஸ் வகை. பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, விரிசல் விட்ட அதன் இடுக்குகளில் சூடான நீர் புகுந்து, படிகக்கல் நரம்புகளாக உறைந்தது. அந்த நீரில் கரைந்து வந்த தங்கமும் கூடவே தங்கிவிட்டது. பெரும்பகுதி தனியாக நிற்பதில்லை, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமத்தோடு பின்னிக்கிடக்கிறது. மேற்பரப்பில் மட்டும் கதை வேறு. யுகக்கணக்கான மழையில் பைரைட் துருப்பிடித்து அழிய, தங்கம் விடுதலையாகி செம்மண்ணிலும் ஓடை மணலிலும் சேர்கிறது. குறும்பர்கள் தலைமுறை தலைமுறையாக மரத்தட்டில் அரித்து எடுத்தது இந்தப் பொன்னைத்தான். மலை தானாகக் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்ட தொழில் அது.

ஆங்கிலேயர்கள் ஓடையில் கண்டதை மலை முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தார்கள். 1870களிலேயே ஆல்ஃபா என்ற கம்பெனி இங்கே முயன்று பார்த்தது. பிறகு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறையில் பணியாற்றிய பிரஃப் ஸ்மித்தை அரசு வரவழைத்தது. 1880இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. 1879 முடிவிலிருந்து இரண்டே ஆண்டுகளில் இந்தியத் தங்கத்தின் பேரில் சுமார் நாற்பது கம்பெனிகள் லண்டனில் முளைத்தன. காகிதத்தில் அவற்றின் மூலதனம் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பவுன், அதில் பெரும்பங்கு இந்த வயநாட்டுச் சரிவுக்கானது. நோய் தாக்கி நொடித்துக்கொண்டிருந்த காப்பித் தோட்டங்கள் தங்க வயல்களாகப் பெயர் மாறி, கொள்ளை விலைக்குக் கைமாறின.

பாறையை இடிக்கும் எந்திரங்கள் மலையேறின. ஆழம் போகப்போக, துருப்பிடிக்காத பைரைட்டுக்குள் சிறைப்பட்ட தங்கம் பாதரசத்தில் ஒட்ட மறுத்தது. டன் கணக்கில் கல்லைப் பொடித்தும் செலவுக்குக்கூடத் தேறவில்லை. இத்தகைய கல்லிலிருந்து தங்கத்தைப் பிரிக்க உதவிய சயனைடு முறை 1887இல்தான் வந்தது. அதற்குள் கம்பெனிகள் கலைந்துவிட்டிருந்தன. தோட்டம் விற்றவர்களும் பங்கு விற்றவர்களும் கையில் பணத்தோடு விலகினார்கள், மலைக்கு மிஞ்சியது குழிகள்.

அந்த மலையில் பிறகு தேயிலை வந்தது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் பலருக்கு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்து இங்கே குடியமர்த்தினார்கள். கூலி போதாதவர்கள் பழைய குழிகளில் திருட்டுத்தனமாக இறங்குவதும், மண் சரிந்து மாள்வதும் இந்த நூற்றாண்டிலும் செய்தியாகியிருக்கின்றன.

இதற்கும் நெல் விளையும் தஞ்சைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தேவாலையின் மழைகூட மேற்கே சாலியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போய்விடுகிறது. தொடர்பு தேவாலை வழியாக அல்ல, கோலார் வழியாக வருகிறது. 1880இல் அங்கே இறங்கிய ஜான் டெய்லர் நிறுவனத்துக்கு சில ஆண்டுகளில் மெய்யான தங்க நரம்பு கிடைத்தது. அந்தச் சுரங்கம் கேட்ட மின்சாரத்துக்காகவே 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சி மின்நிலையமாயிற்று. கோடையில் நீர் குறைந்தால் சுரங்கத்தில் எந்திரம் நிற்கும். 1911இல் மைசூர் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் காரணங்களில் பாசனத்தோடு இதுவும் ஒன்று. சென்னை மாகாணம் மறுத்தது, வழக்காடியது. 1924 ஒப்பந்தமும் 1934இல் நிறைவுற்ற மேட்டூரும் அதன் தொடர்ச்சி. தமிழர்கள் பெருமளவில் உழைத்த கோலார் சுரங்கம் சுமார் 800 டன் தங்கம் தந்துவிட்டு, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், 2001இல் மூடப்பட்டது. சுரங்கம் முடிந்தும் நீர்வழக்கு 2018 உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை நடந்தது. குறைந்த நீரின் பங்கு இன்றும் ஆண்டுதோறும் சச்சரவுதான்.

என் கருத்து எளியது. சுரங்கத்தின் ஆயுளை அதன் வரவுசெலவு ஏடு காட்டும், விளைவின் ஆயுளை அந்த ஏடு காட்டாது. தோற்ற தேவாலையும் வென்ற கோலாரும் இதில் ஒன்றே. நமது வண்டலுக்கு அடியிலும் கிலோமீட்டர் கணக்கில் படிவுப்பாறை இருக்கிறது, அதில் எண்ணெயும் வாயுவும் இருக்கின்றன. மன்னார்குடி மீத்தேன், நெடுவாசல் ஹைட்ரோகார்பன், 2023இல் கைவிடப்பட்ட நிலக்கரி வட்டாரங்கள் என்று வரிசையாகப் பார்த்துவிட்டோம். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது. சட்டம் திருத்தக்கூடியது, கெட்ட நிலத்தடி நீர் எளிதில் திருந்துவதில்லை.

பூமியைத் தோண்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி, பெண்ணுக்குப் பவுன் கணக்குப் பேசும் நமக்கு இல்லை. ஒரு தலைமுறைக்கான லாபத்தைக் காட்டி வருகிறவரிடம், நான்கு தலைமுறைக்கான கணக்கைக் கேட்கவேண்டும் என்கிறேன். ஆடவல்லான் கல்லால் குன்றி வரை நிறுத்தவர்களின் ஊர் இது. கேட்பதற்கு நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால், இங்கே பல வீடுகளில் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகும். அந்தப் பணம் விதையும் உரமும் ஆகும். அறுவடை நன்றாக அமைந்தால் சங்கிலி வீடு திரும்பும். தஞ்சையில் பொன் விளைவது இப்படித்தான். மண் பொய்க்காதவரை அது மீண்டும் மீண்டும் திரும்பும்.