சான்றிதழில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர்

தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தனித் தொகுதி. மாவட்டத்தில் சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் தனித் தொகுதிகள்தான். ஞானஸ்நானம் பெற்ற தலித் ஒருவர் தன் விசுவாசத்தை வெளியே சொல்லிவிட்டு இவற்றில் எதிலும் போட்டியிட முடியாது. தனி ஊராட்சிகளிலும் அப்படியே. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி அவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு, கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய்ச் சேர்கிறார். அங்கே நிலமும் கடையும் உள்ள சாதிகளோடு போட்டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கையைவிட்டுப் போகிறது.

ஆகவே சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர், ஞாயிற்றுக்கிழமை சபையில் வேறு பெயர். அரசு வேலைக்காரர் சிலர் சபைப் பதிவேட்டில் பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் கல்யாணத்தை மண்டபத்தில் வைத்து, ஐயரை வந்து ஜெபம் மட்டும் பண்ணச் சொல்கிறவர்களும் உண்டு. வேலைக்கும் பதவிக்கும் ஆத்துமாவை விற்றவர்கள் என்று பிரசங்க பீடத்திலிருந்து வசவு விழுவது இவர்கள் மேல்தான்.

இந்தக் குற்றச்சாட்டை நாம் லேசாகத் தள்ளிவிடவில்லை. மறைத்து வாழ்வதற்கு விலை உண்டு. பள்ளியில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சாவு விழுந்தால் எந்தக் கல்லறையில் அடக்கம், எந்தப் பெயரைப் பொறிப்பது என்று துக்க வீட்டிலேயே தாழ்ந்த குரலில் பேச்சு நடக்கிறது. பேதுரு மறுதலித்தது ஒரு இராத்திரி. இவர்கள் ஒவ்வொரு சான்றிதழ் சரிபார்ப்பிலும் மறுதலிக்க வேண்டும்.

ஆனால் எதற்காக? சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்துக்கொண்டிருந்த சூசை, அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்குக் கிடைக்காததால் உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறிஸ்தவர் என்பதே மறுப்புக்குக் காரணம். மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே அளவில் தொடர்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் மனு தள்ளுபடியானது. வெயிலில் உட்கார்ந்து செருப்பு தைக்கிற மனிதரிடம் இன்னும் என்ன ஆதாரம் கேட்பது? 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கிலும், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தையே ஏய்ப்பதாகும் என்றது அதே நீதிமன்றம். ஒருவர் கேட்டது பெட்டிக்கடை, மற்றவர் கேட்டது எழுத்தர் வேலை. பணத்தாசை, பதவியாசை என்ற கணக்கில் இவையா வரும்?

அந்த ஆசையைப் பார்க்க வேண்டுமானால் வேறு பக்கம் திரும்ப வேண்டும். பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நிலங்கள் என்று தென்மாவட்டத் திருச்சபைகளின் சொத்து பெரிது. அதனால்தான் திருமண்டலத் தேர்தல் சட்டமன்றத் தேர்தலைப் போல நடக்கிறது. 2023 ஜூனில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலித் திருமண்டல அலுவலகத்திலேயே போதகர் ஒருவர் தாக்கப்பட்டார். அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் பெயரும் வழக்கில் சேர்ந்தது. (பதவிப் போட்டிக்கு நம் பகுதி புதிதல்ல. 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்கள் தீர்ப்புக்குக் காத்திருந்தது குற்றாலத்தில்தான். தியான முகாமுக்கு வருகிற சபைகளும் சாரல் காலத்தில் இங்கேதான் தங்குகின்றன.) சான்றிதழுக்காகப் பெயரை மறைத்தவரைக் கண்டிக்கும் பீடம், அலுவலகத்தில் கை ஓங்கியவர்களைப் பற்றி அதே குரலில் பேசிக் கேட்டதில்லை.

இதே திருச்சபைக்குப் பணத்தை வேறு விதமாகவும் செலவழிக்கத் தெரிந்திருந்தது. புருஷ்ய நாட்டு டோனா பிரபு அனுப்பிய பணத்தில் இரேனியஸ் ஐயர் நிலம் வாங்கி விசுவாசிகளைக் குடியேற்றிய ஊர்தான் டோனாவூர். பிரபுவின் பணம் நிலமில்லாதவனுக்கு வீட்டு மனையானது. இன்று சபை நிலத்தில் தலித் விசுவாசிக்கு என்ன பங்கு? தலித்துகள் சபைக்குள் கடும் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள், தலைமையில் அவர்கள் பங்கு மிகக் குறைவு என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புதல் செய்த பிறகு பரிகாரம் செய்ய வேண்டும் என்பது அவர்களே கற்பித்த பாடம்.

அரசு பக்கமும் இழுபறிதான். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கச் சொன்னது 2007இல். ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்து, இரண்டு ஆண்டுக் கெடு முடிந்ததும் அதை நீட்டியது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. தீர்மானத்தை வரவேற்று அறிக்கை விட்ட திருச்சபைத் தலைவர்களிடம் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தில்லி கொடுக்க வேண்டியதைத் தில்லியிடம் கேட்போம். உங்கள் கையில் இருப்பதை எப்போது கொடுப்பீர்கள்? தாளாளர்களில் தலித் எத்தனை பேர், உங்கள் கல்லூரிகளில் தலித் கிறிஸ்தவ ஆசிரியர் எத்தனை பேர், சொத்துக் குழுவில் எத்தனை பேர் என்ற பட்டியலை அடுத்த திருமண்டலத் தேர்தலுக்கு முன் ஒவ்வொரு சேகரத்திலும் ஆராதனை முடிந்ததும் வாசியுங்கள். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.